போன் 32 என்கிறது, உடம்பு 40 என்கிறது: கேட்டவர்களுக்குப் பதில்

உப்புவெளியிலிருந்து: நிழலில்தான் நின்றேன். முன்னறிவிப்பு 32 பாகை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எப்படி?

அந்த 32 காற்றின் சூடு மட்டும்தான். வெள்ளையடித்த, பக்கமெல்லாம் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்ட பெட்டிக்குள், தரைக்கு மேலே ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில் வைத்து அளக்கிற சூடு. நீங்கள் அந்தப் பெட்டிக்குள் இல்லையே. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும். ஈரப்பதன் 70 வீதம் என்றால் அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், வெப்பச் சுட்டெண், அதாவது சூடும் ஈரப்பதனும் சேர்ந்து உடம்புக்குத் தெரிகிற சூடு, 40ஐத் தொடும். அதுவும் நிழலுக்கான கணக்கு, வெயிலில் நின்றால் இன்னும் 8 பாகை வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

கிண்ணியா: மதிலில் மாட்டிய வெப்பமானி 44 காட்டுகிறது.

அது மதிலின் சூடு. வெயில் படுகிற இடத்தில் மாட்டாதீர்கள்.

தம்பலகாமம்: கடற்கரைக்காரர் புழுக்கம் புழுக்கம் என்று அழுகிறார்கள். கச்சான் அடிக்கும்போது எங்கள் வயலில் வந்து நிற்கட்டும்.

வாருங்கள், இதைத்தான் எதிர்பார்த்தேன். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் நம் திருகோணமலைப் பக்கம் இறங்குகிறது, அதுதான் கச்சான். காய்ந்த காற்று ஒரு கிலோமீற்றர் இறங்கினால் 10 பாகை அளவு சூடேறும். கச்சான் பலமாக அடித்தால் கடற்காற்று கரையேறவே முடியாது, அன்றைக்கு உப்புவெளிக்கும் அதே வெக்கைதான். 37 பாகை, ஈரப்பதன் 40 வீதம் என்று வையுங்கள்: சுட்டெண் 41. உப்புவெளிக்காரரின் கணக்கோடு கிட்டத்தட்டச் சமம்.

நிலாவெளி: நாளை மழை வருமா?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள்.

உப்புவெளி, மறுபடியும்: சமம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களுக்கு இரவில் தூக்கம் வருகிறது, எங்களுக்கு விடியும்வரை பாய் நனைகிறது.

நியாயம்தான். நீராவி நிறைந்த காற்று தரையின் சூட்டை லேசில் வெளியே விடாது, பக்கத்தில் கடலும் ஆறாமல் கிடக்கிறது.

தம்பலகாமம்: கச்சானில் வியர்வையே தெரியாது, அதுதான் எங்களுக்கு வசதி என்கிறாரா உப்புவெளிக்காரர்?

வசதி இல்லை, ஆபத்தே அதுதான். வியர்வை வந்த கையோடு காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரியாது. வரம்பில் நிற்கிறவர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. வெளிவேலைக்குக் கச்சான் கொடியது, படுக்கைக்குப் புழுக்கம் கொடியது. இதற்கு மேல் இரண்டு ஊரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள்.

சீனக்குடா: மோட்டார் சைக்கிளில் ஒட்டிய வெப்பமானியில் 46...

கிண்ணியாக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். வெயிலில் வைத்த எந்த வெப்பமானியும் தன் சூட்டைத்தான் காட்டும்!

மூதூர்: காலையில் ஈரப்பதன் 90 வீதம், மத்தியானம் 60. ஆனால் மத்தியானம்தான் அவிகிறது?

நல்ல கேள்வி. வீதத்தை விடுங்கள், பனிநிலையைப் பாருங்கள்: காற்று எத்தனை பாகைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் என்கிற அளவு அது. சூடான காற்று கூடுதலான நீராவியைத் தாங்கும், அதனால் நீராவி குறையாமலே வீதம் இறங்கும். பனிநிலை 25ஐத் தாண்டினால் எந்த நேரமும் புழுக்கம்தான்.

கன்னியா: தகரக் கூரை வீடு. மத்தியானம் பேன் போட்டால் போதுமா?

அறைக்குள் 40ஐத் தாண்டினால் பேன் சூட்டைத்தான் அள்ளி வீசும். முதலில் உடம்பை நனையுங்கள், இல்லையென்றால் மரத்தடிக்குப் போங்கள். அறைச் சூட்டை அளக்கிறேன் என்று வெப்பமானியைத் தகரத்தில் மட்டும் கட்டாதீர்கள்.