ரயில் இல்லாத ஊரிலிருந்து மின்சார ரயில் கேள்விகள்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, சென்னையில் தாம்பரம் சானடோரியத்துக்கும் கோட்டை ஸ்டேஷனுக்கும் இடையில் இருபத்தேழு வருடம் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்தவள் நான் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்ன ரயில் வந்தது. 1941-இல் அதுவும் நின்றுபோனது. இன்றைக்கும் நாம் ரயில் ஏற வேண்டுமானால் சாமல்பட்டிக்கோ திருப்பத்தூருக்கோ ஓசூருக்கோ பஸ் பிடிக்கிறோம். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளை வேலை கிடைத்த மறுநாளே சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போகும் வண்டியில் ஏறினால் கேள்வி வரத்தானே செய்யும்? இந்த மாதம் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

என் மகளுக்குச் சென்னையில் வேலை. குரோம்பேட்டையில் தங்கியிருக்கிறாள். லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்கிறார்கள், பூ கட்டுகிறார்கள், யாருக்கோ வளைகாப்பே நடந்தது என்று போனில் சொல்கிறாள். நிஜமா அக்கா? பாதுகாப்பான இடம்தானா?
*வாசகி, போச்சம்பள்ளி*

நிஜம்தான் அம்மா. நானும் எத்தனையோ கட்டுக் கீரை ஆய்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் பாரிமுனையில் முளைக்கீரை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு கோட்டையில் ஏறுவேன். மடியில் பேப்பரை விரித்து உட்கார்ந்தால் நுங்கம்பாக்கம் வருவதற்குள் கீரை முடிந்துவிடும். காம்பு எல்லாம் மஞ்சப்பைக்குள் போகும், கீழே ஒன்று விழக்கூடாது. விழுந்தால் எதிர் சீட்டு அம்மா விடமாட்டார். பக்கத்தில் ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள், இன்னொருத்தி பூண்டு உரிப்பாள். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஏழு மணிக்கு வீட்டுக்குள் காலை வைத்ததும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியவளுக்கு, அந்த ரயிலில் மிச்சமாகும் அரை மணி நேரம்தான் ஒரு நாளில் அவளுக்கென்று கிடைக்கிற நேரம். நான் அந்த அரை மணியில் மொட்டை மாடியில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

வளைகாப்பும் உண்டு. எங்கள் பெட்டியில் பல்லாவரத்தில் இறங்கும் பெண் ஒருத்தி இருந்தாள். காதல் கல்யாணம், இரண்டு வீட்டிலும் பேச்சு கிடையாது. ஏழு மாதம் ஆனபோது வளைகாப்பு போட வீட்டில் யாரும் இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை பதினைந்து பேர் சேர்ந்து கண்ணாடி வளையல் வாங்கினோம். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், புளியோதரை என்று ஆளுக்கொரு டப்பா. ஜன்னல் ஓரத்தில் அவளை உட்காரவைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசினோம். வண்டி ஆடிய ஆட்டத்தில் சந்தனம் காதுவரை போய்விட்டது. இரண்டு கையும் முழங்கை வரை வளையல். ஒவ்வொரு ஸ்டேஷனில் பிரேக் போடும்போதும் அத்தனை வளையலும் ஒன்றாகக் குலுங்கின. மீனம்பாக்கத்தில் இறங்கவேண்டிய இரண்டு பேர் இறங்க மறந்து பல்லாவரம் வரை வந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு வழக்கமாக வருகிற கோஷ்டிகள் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்துக் கும்பிடுவதும் உண்டு. அதையும் மகள் பார்ப்பாள்.

பாதுகாப்புக்கு ஒன்று சொல்கிறேன். கூட்டம் இருக்கும் நேரத்தில் லேடீஸ் பெட்டிதான் நல்லது. ராத்திரி நேரம் கழித்து அந்தப் பெட்டி காலியாக வந்தால் அதில் தனியாக ஏறவேண்டாம். நாலு பேர் இருக்கிற பொதுப் பெட்டியில் ஏறச் சொல்லுங்கள். ரயிலில் எந்த உதவிக்கும் 139 என்ற எண். மகளின் போனில் இன்றைக்கே அதைப் பதிந்துவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயிலில் திடீரென்று விளக்கும் ஃபேனும் நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது. ஏன்? ரயில் மட்டும் எப்படி நிற்காமல் ஓடுகிறது?
*பிளஸ் ஒன் மாணவன், காவேரிப்பட்டினம்*

நல்ல கேள்வி தம்பி. முதல் தடவை நான் கரண்ட் கட் என்று பயந்து எழுந்து நின்றுவிட்டேன்.

மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். முழு வழிக்கும் ஒரே இடத்திலிருந்து அது வருவதில்லை. இந்தத் துண்டுக்கு ஒரு துணைமின் நிலையம், அடுத்த துண்டுக்கு வேறு ஒன்று. இரண்டின் மின்சாரமும் ஒரே ஃபேஸில் இருக்காது, அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காது. இரண்டு கம்பியும் நேராகத் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டை விட்டிருப்பார்கள். நியூட்ரல் செக்‌ஷன் என்று பெயர். அது வருகிறது என்று பாதை ஓரத்தில் டிரைவருக்குப் பலகை வைத்திருப்பார்கள். அவர் முன்கூட்டியே பவரை நிறுத்திவிடுவார். பெடலை மிதிக்காமல் விட்டாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் ஓடும் இல்லையா, அதே மாதிரி வண்டி தன் வேகத்தில் அந்தத் துண்டைத் தாண்டிவிடும். எல்லாம் சில நொடிதான்.

பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. நாட்டின் முதல் மின்சார ரயில் 1925-இல் பம்பாயில் ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே ஓடியது மீட்டர் கேஜ் வண்டி, குறுகலான பெட்டி. 2004-இல் அதை நிறுத்தினார்கள்.

அடுத்த தடவை விளக்கு அணையும்போது காதைக் கொடுத்துக் கேட்டுப் பார். ஃபேன் சத்தம் போனதும் பெட்டியின் அந்தக் கோடியில் யாரோ பேசுவதுகூடத் தெளிவாகக் கேட்கும். ஒரு தடவை அப்படி ஒரு அம்மா, "மாசக் கடைசில கையில முப்பது ரூபாதான் இருக்கு" என்று சொன்னது பெட்டி முழுக்கக் கேட்டுவிட்டது. விளக்கு வந்தபோது அவர் மடியில் யாரோ நூறு ரூபாய் வைத்திருந்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

கடல் பார்க்கலாம் என்று பேரனைக் கூட்டிக்கொண்டு பீச் ஸ்டேஷனில் இறங்கினேன். கடலையே காணோம்.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி*

பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் பலரும் அங்கே இறங்கிவிடுகிறார்கள் ஐயா. ஒரு காலத்தில் கடல் அங்கே பக்கத்தில்தான் இருந்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் போகும் ராஜாஜி சாலைக்குப் பழைய பெயரே வடக்குக் கடற்கரைச் சாலை. துறைமுகம் கட்டிய பிறகு கடல் அதற்குப் பின்னால் போய்விட்டது. மெரினாவுக்கு அதே பீச் ஸ்டேஷனில் வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் மாறி, சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கிக் கிழக்கே நடக்கவேண்டும். பேரனுக்குக் கிரிக்கெட் பிடிக்குமானால் சேப்பாக்கம்தான். பாதை மைதானத்தை ஒட்டியே போகும். மேட்ச் நாளில் பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே பக்க ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

ரயிலில் கண் தெரியாதவர்கள் ஊக்கு, சீப்பு எல்லாம் விற்கிறார்கள். தேவையில்லாமல் இரக்கப்பட்டு வாங்குவது சரியா?
*வாசகி, ஊத்தங்கரை*

இரக்கப்பட்டு வாங்காதீர்கள். தேவைப்படுவதை வாங்குங்கள். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

எங்கள் வண்டியில் வரும் ஒரு அண்ணனைச் சொல்கிறேன். தோளில் ஒரு கம்பி வளையம், அதில் ஊக்குக் கொத்து, காது குடையும் பஞ்சு, ரேஷன் கார்டு உறை, சீப்பு எல்லாம் தொங்கும். இடது கையால் சீட்டின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வருவார். எந்த ஸ்டேஷன் என்று அவரிடம் யாரும் சொல்லவேண்டாம். ஜன்னல் பக்கம் இறங்குகிற விமானத்தின் இரைச்சல் கேட்டால் திரிசூலம், வண்டி சத்தம் மாறினால் பாலம். நாம்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "எந்த ஸ்டேஷன் அண்ணா?" என்று அவரைக் கேட்போம்.

காசு விஷயம்தான் அவருக்குக் கஷ்டம். பழைய நோட்டில் நூறுக்கும் ஐந்நூறுக்கும் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். நோட்டைச் சுட்டுவிரலோடு சேர்த்து மடித்தே கண்டுபிடித்துவிடுவார். இப்போது வந்திருக்கும் நோட்டில் நூறு 142 மில்லிமீட்டர், இருநூறு 146. நாலு மில்லிமீட்டரை விரல் எப்படிச் சொல்லும்? தடவிப் பார்க்க மேலே குறி உண்டு, நோட்டு கசங்கியதும் அது மழுங்கிவிடுகிறது. நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் செயலி ஒன்றை ரிசர்வ் வங்கி 2020-இல் கொடுத்தது, மணி என்று பெயர். ஆடுகிற ரயிலில், ஒரு கையில் சரக்கோடு, போனை எடுத்து நோட்டுக்கு நேரே பிடிப்பதென்றால் நடக்கிற காரியமா? அதனால் என் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் செய்வதை நீங்களும் செய்யுங்கள். கொடுக்கும்போது "இருநூறு கொடுத்திருக்கேன் அண்ணா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழட்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அனுமதி இல்லாமல் ரயிலில் விற்பது ரயில்வே சட்டம் 144-ஆம் பிரிவின்படி குற்றம். போலீஸ் ஏறுகிறது என்று தெரிந்தால் அவர் வளையத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வராது. பார்வை இல்லாத வியாபாரிகளுக்கு ஒரு அட்டையைக் கொடுத்து அனுமதித்தால் என்ன என்பது என் பல வருடக் கேள்வி.

நண்பர்கள் எல்லாம் படியில் தொங்கிக்கொண்டுதான் போகிறார்கள். உள்ளே நின்றால் கிண்டல் செய்கிறார்கள்.
*கல்லூரி மாணவர், அரூர்*

2018 ஜூலையில் பரங்கிமலை ஸ்டேஷனில், படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் தடுப்புச் சுவரில் மோதிச் செத்துப்போனார்கள். எல்லோரும் காலை வேலைக்கும் படிப்புக்கும் கிளம்பியவர்கள். அதற்குப் பிறகு பல நாள் அந்த ஸ்டேஷன் வந்தால் எங்கள் பெட்டியில் பேச்சு நின்றுவிடும். உள்ளே வந்து நில் தம்பி. கிண்டல் செய்கிறவன் கையையும் பிடித்து உள்ளே இழு.

வண்டி வந்ததும் பிளாட்பாரத்தில் எல்லோரும் ஏன் ஓடுகிறார்கள்?
*வாசகர், பர்கூர்*

ஒன்பது பெட்டி வண்டியும் உண்டு, பன்னிரண்டு பெட்டி வண்டியும் உண்டு. பன்னிரண்டு வரும் என்று பிளாட்பாரக் கோடியில் நிற்பவர்கள், ஒன்பது வந்தால் ஓடித்தான் ஆகவேண்டும். எத்தனை பெட்டி என்று போர்டில் பார்த்துவிட்டு நடுவில் நில்லுங்கள்.

பெங்களூர் மெட்ரோவில் இப்படி எதுவும் பார்க்க முடியவில்லையே?
*வாசகி, ஓசூர்*

பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ வந்ததிலிருந்து உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சௌகரியம். மெட்ரோவுக்குள் வியாபாரம் கிடையாது, கதவு மூடியிருக்கும், ஸ்டேஷனும் சீக்கிரம் சீக்கிரம் வந்துவிடும். கீரை ஆயவே நேரம் இருக்காது. சென்னையிலும் 2025 ஏப்ரலிலிருந்து பீச்சுக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. குறைந்த கட்டணமே 35 ரூபாய். அதிலும் கதவு தானாக மூடிக்கொள்ளும், படியில் தொங்க முடியாது. அது ஒன்றுக்காகவே எனக்கு அந்த வண்டி பிடித்திருக்கிறது. ஆனால் ஊக்கு விற்கும் அண்ணன் அதில் ஏற முடியாது.

நம் ஊர் மாம்பழத்தை அந்த ரயிலில் கொண்டுபோனது உண்டா அக்கா?
*வாசகர், காவேரிப்பட்டினம்*

ஒவ்வொரு மே மாதமும். தொண்ணூறுகளில் ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். அப்பா தோட்டத்துச் செந்தூராவில் நாற்பது எண்ணி மூங்கில் கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கி, மேலே சாக்கு வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தாம்பரம் வண்டியில் ஏறினேன். எழும்பூர் தாண்டியதும் கூடையின் அடிப்பக்கம் விட்டுப்போனது.

நாற்பது பழமும் தரையில். வண்டி வேகம் எடுத்தால் எல்லாம் பின்னால் உருண்டன. பிரேக் போட்டால் எல்லாம் முன்னால் வந்தன. பெட்டி முழுக்கக் காலைத் தூக்கிக்கொண்டு கத்துகிறார்கள், நான் அழாத குறை. கோடம்பாக்கத்துக்குள் ஆளாளுக்குக் குனிந்து பிடித்து, முந்தானையால் துடைத்து, சீட்டு சீட்டாகக் கைமாற்றி என்னிடம் அனுப்பினார்கள். ஒருத்தி தன் காய்கறிப் பையைக் கவிழ்த்துக் காலி செய்து கொடுத்தாள். எண்ணினால் முப்பத்தொன்பது.

நாற்பதாவது பழம் மாம்பலத்தில் கிடைத்தது. கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் ஒரு வயதுக் குழந்தை. இரண்டு கையாலும் செந்தூராவைப் பிடித்து, இருக்கிற நாலு பல்லால் தோலைக் கிழித்து, மூக்கெல்லாம் சாறு. அந்த அம்மா பதறிப்போய், "எடுக்கவே வுடமாட்டேங்குதுக்கா, எவ்ளோன்னு சொல்லு, காசு குடுத்துர்றேன்" என்றார். நான் இன்னும் இரண்டு பழத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். மீதியை அந்தப் பெட்டியிலேயே பங்கு போட்டுவிட்டோம். சானடோரியத்தில் இறங்கும்போது என் கையில் இருந்தது ஆறு பழமும் வைக்கோல் ஒட்டிய வெறுங்கூடையும்தான்.