நாலு சேனலுக்கு முழு பேக் எதற்கு?

பார்ப்பது நாலு சேனல்தான், பேக்கை எடுத்துவிட்டுத் தனித்தனியாகக் கேட்டால் பில் ஏறுகிறது, ஆபரேட்டர் ஏமாற்றுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லைங்க. கணக்கே அப்படித்தான்.

தொலைத்தொடர்பு, ஒளிபரப்புத் துறைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிராய் வைத்த விதிப்படி 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலை பேக்கில் சேர்க்க முடியாது. அதனால்தான் பெரிய சேனல்கள் பலவும் சொல்லிவைத்தாற்போல் 19-இல் நிற்கின்றன. பேக்குக்குச் சேனல் நிறுவனங்கள் 45 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம். தனி விலைகளின் கூட்டுத்தொகை 100 ரூபாய் என்றால் பேக்கை 55-க்கே விற்கலாம். உங்களுக்கு வேண்டிய மூன்று 19 ரூபாய் சேனலே 57 ஆகிவிடும்! கூடவே குட்டிச் சேனல்களையும் நம் தலையில் கட்டுவது பாசத்தால் அல்ல. இத்தனை வீட்டில் வருகிறது என்று காட்டித்தான் விளம்பரம் பிடிக்கிறார்கள்.

பில்லைச் சேனல் நிறுவனவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே நிறுவனத்தில் மூன்று நாலு சேனல் வேண்டுமானால் அவர்கள் பேக். ஒன்றே ஒன்று என்றால் தனியாக. இணைப்புக்காக ஆபரேட்டர் வாங்கும் நெட்வொர்க் கட்டணம் வேறு, சேனலைக் குறைத்தாலும் அது பெரும்பாலும் அசையாது. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரே சேனலின் எஸ்டி, எச்டி இரண்டுக்கும் காசு போகிறதா என்றும் பாருங்கள்.