வீட்டில் கஞ்சா பிடிப்பது குற்றமில்லை என்றால், கம்பெனிச் சோதனையில் பாசிட்டிவ் வந்ததற்காக வேலையை விட்டு நீக்கலாமா? (தென்னாப்பிரிக்கா)

நீக்கலாம், ஆனால் எல்லோரையும் அல்ல. நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

2018 செப்டம்பரில் அரசமைப்பு நீதிமன்றம், வயது வந்தவர் தன் சொந்த உபயோகத்துக்குத் தனிமையில் கஞ்சா பயன்படுத்துவது குற்றமில்லை என்றது. இனி யாரும் நம்மைக் கேட்க முடியாது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பு உங்களைப் போலீஸிடமிருந்துதான் காப்பாற்றும். 1993ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டம் அப்படியே இருக்கிறது. அதன் விதிப்படி, போதையில் இருப்பவரை மட்டுமல்ல, போதையில் இருப்பதாகத் தோன்றுபவரையும் முதலாளி வேலையிடத்தில் அனுமதிக்கக் கூடாது.

நான் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவன். போர்க்லிஃப்ட்டில் சரக்கைத் தூக்கிவிட்டால் ஓட்டுநருக்கு முன்பக்கம் பாதி மறைந்துவிடும். அதனால் வண்டியைப் பின்பக்கமாக, திரும்பிப் பார்த்தே ஓட்டுவார். குறுக்கே ஒருவர் வந்தால் பிரேக் மிதிக்கக் கண்ணிமைக்கும் நேரம்தான். அந்த இருக்கையில் போதையோடு ஒருவர் உட்கார நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் சிறுநீர்ச் சோதனை போதையைக் காட்டுவதில்லை. மதுவுக்கு ஊதச் சொன்னால் இப்போதைய நிலை தெரியும். கஞ்சாவில் அப்படி இல்லை. உடல் அதைச் சிதைத்தபின் மிஞ்சும் பொருளைத்தான் சிறுநீரில் தேடுகிறார்கள். அது கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறும். தினமும் பிடித்தவருக்கு, நிறுத்திச் சில வாரம் கழித்தும் பாசிட்டிவ் வரலாம். வெள்ளி இரவு வீட்டில் பிடித்தவரும் வேலைக்கு வருமுன் வாசலில் பிடித்தவரும் இந்தச் சோதனைக்கு ஒன்றுதான். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

நீதிமன்றங்களும் வேலையைத்தான் பார்க்கின்றன. கண்ணாடித் தொழிற்சாலை வழக்கு ஒன்றில், ஆபத்தான இயந்திரங்கள் உள்ள இடம், விதியும் தொழிலாளர்களுக்கு முன்பே தெரியும் என்று 2022இல் பணிநீக்கம் சரி என்றார்கள். இன்னொரு வழக்கில், அலுவலக மேசை வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பாசிட்டிவ் வந்ததற்காக நீக்கினார்கள். அவர் மனப்பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் வீட்டில் பயன்படுத்தியவர். வேலையில் போதையோடு இருந்ததாக அவர்மேல் குற்றச்சாட்டே இல்லை. 2024 ஏப்ரலில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, 24 மாதச் சம்பளத்தை இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கம்பெனியின் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வலிக்கோ தூக்கத்துக்கோ எடுத்துக்கொண்டால் சோதனைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள். பாசிட்டிவ் வந்துவிட்டால் அன்றைக்கே உமிழ்நீர்ச் சோதனையும் கேளுங்கள். அது அண்மையில் பயன்படுத்தியதையே பெரும்பாலும் காட்டும். கிரேன், போர்க்லிஃப்ட், உயரத்தில் ஏறும் வேலை என்றால், வேலையை மாற்றும்வரை கஞ்சாவை விட்டுவிடுங்கள்.