சுருள்பாசியில் 'இயற்கை வடிவ இரும்பு' சான்று: பணம் கட்டும் முன்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டிச் சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்க்கிறேன். ஆய்வறிக்கையில் 100 கிராமுக்கு 80 மில்லிகிராம் இரும்பு வந்திருக்கிறது. லேபிளில் 'இயற்கை வடிவ இரும்பு' என்று போட தனிச் சான்று வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 80 என்ற எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்காகப் பொடியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் பல ஆயிரம் டிகிரி சூட்டில் அணு அணுவாகப் பிரித்துவிடுகிறார்கள். பாசியின் புரதத்தில் இருந்த இரும்பும் நீங்கள் தொட்டியில் போட்ட அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) அதற்கப்புறம் ஒன்றுதான். வடிவத்தை அழித்த சோதனையை வைத்து வடிவத்துக்கு எப்படிச் சான்று தருவார்?

அமெரிக்க வேளாண் துறைப் பட்டியலில் உலர்ந்த சுருள்பாசிக்கு 28.5 மில்லிகிராம்தான். 80 என்றதும் கழுவியது போதவில்லையோ என்றுதான் தோன்றுகிறது. தொட்டி நீர் நல்ல காரம், பிஎச் 10-ஐ ஒட்டி இருக்கும். அதில் அன்னபேதி துருவாக மாறிப் பாசி மேல் ஒட்டிக்கொள்ளும். அறுவடை செய்த ஈரப் பாசியை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை வழக்கம்போலவும் மற்றதை இன்னும் பலமுறையும் கழுவி, உலர்த்தி, இரண்டையும் அனுப்புங்கள். எண் சரிந்தால், சரிந்த அளவு இரும்பு வெளியே ஒட்டியிருந்தது. காய்ந்த பொடியில் இதைச் செய்து பயனில்லை.

ஏஜென்ட்கள் என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களை அங்கீகரிக்கும் அமைப்பு) முத்திரையைக் காட்டுவார்கள். அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட சோதனைக்கு, குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும். அதன் இணையதளத்தில் ஆய்வுக்கூடம் எந்தச் சோதனைகளுக்கு அங்கீகாரம் பெற்றது என்ற பட்டியலை நீங்களே பாருங்கள். சாம்பிளையும் பணத்தையும் நேரே ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள், ஒரு பங்கை மூடி முத்திரையிட்டு வீட்டில் வையுங்கள். அங்கே வடிவம் பற்றிக் கேட்டால் 'ஃபார்மில் அந்தக் கட்டமே இல்லை' என்பார்கள். மொத்த அளவு போதும் என்று விதி எழுதியவர்கள், எந்த வடிவம் உடலில் எவ்வளவு சேரும் என்று யோசித்தார்களா தெரியவில்லை.

செலீனியம் ஏற்றிய பாசி மட்டும் வேறு கதை. அடுத்து அதை வளர்க்கச் சொல்லித்தான் ஏஜென்ட் வருவார். அங்கே வடிவச் சோதனை உண்மையிலேயே தேவை. போட்ட சோடியம் செலினைட்டில் ஒரு பகுதி செலினோமெத்தியோனினாக (புரதத்தில் சேரும் கரிம வடிவம்) மாறும். ஒரு பகுதி சிவப்புத் துகளாக, வெறும் செலீனியமாகவே நிற்கும். மீதி மாறாமலே இருக்கும். மொத்த அளவில் மூன்றும் ஒரே எண். அமெரிக்க அளவுகோலில் பெரியவர்களுக்கே நாளுக்கு 400 மைக்ரோகிராம்தான் மேல்வரம்பு, இது விளையாடும் பொருளல்ல. எனவே ஆய்வுக்கூடத்துக்குக் கடிதமாகவே எழுதுங்கள்: அமிலத்தில் கரைக்காமல் நொதியால் பிரித்தெடுத்து, எச்பிஎல்சி (வடிவங்களைப் பிரிக்கும் கருவி) இணைத்த ஐசிபி-எம்எஸ்ஸில் கரையும் வடிவங்களைத் தனித்தனியே அளந்து, கரையாமல் நிற்கும் வெறும் செலீனியத்தையும் தனியாக அளந்து தர வேண்டும். முடியாது என்றால் அங்கே கொடுக்காதீர்கள்.