கீமோ முடிந்த மறுநாளே ஊசிக்காக மறுபடி மலையிறங்க வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்குக் கோவையில் கீமோ நடக்கிறது. வீட்டுக்கு வந்த மறுநாளே வெள்ளணு கூட்டும் பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசிக்காகத் திரும்பக் கீழே போகிறோம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்தே துவண்டுவிடுகிறார். உடம்பில் ஒட்டினால் தானே மருந்தை ஏற்றும் கருவி இருக்கிறது என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் சித்தி. அது சாதா ஊசியைவிட நல்லதா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: சித்தி சொல்வது சரிதான், நியூலாஸ்டா ஆன்ப்ரோ என்று பெயர். கீமோ அன்றே வயிற்றிலோ கையின் பின்பக்கமோ ஒட்டி அனுப்பிவிடுவார்கள். சுமார் 27 மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் 45 நிமிடத்தில் தோலுக்கடியில் மருந்தை மெல்ல இறக்கும். கீமோ முடிந்து 24 மணி நேரத்துக்குள் இந்த மருந்து போகக் கூடாது, புதிதாகப் பெருகும் அணுக்களையும் கீமோ தாக்கிவிடும், அதனால்தான் இந்தக் காத்திருப்பு.

ஆனால் உள்ளே இருப்பது அதே மருந்து, அதே 6 மில்லிகிராம். எலும்பு வலி வந்தால் இரண்டிலும் வரும். கருவி மிச்சப்படுத்துவது பயணத்தை மட்டும்தான். சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஒட்டிய இடம் ஈரமாக இருந்தாலோ மருந்து முழுசாக இறங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். மாலை 4 மணிக்கு ஒட்டினால் அது தெரிவதே மறுநாள் இரவு 7 மணிக்கு மேல், நீங்கள் மலைமேல் இருக்கும்போது.

என்னைக் கேட்டால், சாதா ஊசியிலேயே அந்தப் பயணத்தைத் தவிர்க்கலாம், இதை உங்களுக்கு யாரும் சொல்லாதது வருத்தமாக இருக்கிறது. மருந்து நிரப்பிய சிரிஞ்சாகவே இங்கே கிடைக்கிறது. நரம்பு தேட வேண்டியதில்லை, கோத்தகிரியில் ஒரு நர்ஸ் போதும், சொல்லிக்கொடுத்தால் நீங்களே போடலாம். வீட்டில் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு, எத்தனை மணிக்கு என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஐஸ் பேக் வைத்த பெட்டியில் கொண்டுவாருங்கள், ஆனால் சிரிஞ்சைத் துணியில் சுற்றி வையுங்கள், உறையக் கூடாது. ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம். போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுங்கள், உங்கள் ஊர்க் குளிருக்கு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே. வெந்நீரில் போட்டுச் சூடாக்காதீர்கள், குலுக்காதீர்கள்.

ஊசியோ கருவியோ, 100.4 டிகிரி காய்ச்சல் வந்துவிட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டிருந்தால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், போனதும் முதல் வார்த்தையாகவே கீமோ நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.