என் படங்கள் ஷார்ப்பாக வருவதில்லை. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். முன்பணம் கட்டக் கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தவன் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும். முதன்முதலாக வேடந்தாங்கல் போய் 800 படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளினேன். கேமராவின் குட்டித் திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், நத்தைகுத்தி நாரையின் கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை! பழி லென்ஸ் மேல்தான் விழுந்தது.

அப்புறம் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான், எல்லாம் ஒரே மங்கல் இல்லை என்று புரிந்தது.

பாதிப் படங்களில் பறவை, கிளை, இலை எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தன. இது கை ஆட்டம். 300 மி.மீ. லென்ஸ் 1.5 கிராப் சென்சாரில் 450 போல நடந்துகொள்ளும். கையில் ஆடாமல் எடுக்க ஷட்டர் வேகமும் அதற்கேற்ப 1/500 நொடியாவது வேண்டும். நானோ ஐஎஸ்ஓவை (ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்ற அமைப்பு) 100-க்கு மேல் ஏற்ற மாட்டேன் என்ற வீம்பில் 1/160-இல் எடுத்திருந்தேன். ஐஎஸ்ஓ 800 வைத்தால் கொஞ்சம் புள்ளி விழும், அவ்வளவுதான். புள்ளியைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஆட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பீர்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், பறவையின் சிறகை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு நான் 1/2000 வைக்கிறேன்.

இன்னும் சில படங்களில் நாரை மங்கல், அதன் முன்னால் நீட்டியிருந்த குச்சி மட்டும் ஊசி போல் கூர்மை. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டதன் பலன். இப்போதெல்லாம் ஒற்றைப் புள்ளிதான், அதுவும் கண்ணில்.

மூன்றாவது வகைதான் என்னை ரொம்ப ஏமாற்றியது. ஷட்டர் வேகம் சரி, ஃபோகஸும் சரி, ஆனாலும் ஓரமெல்லாம் நெளிந்து, படத்துக்குப் படம் வேறு வேறு மாதிரி. எடுத்த நேரம் பகல் 11 மணிக்கு மேல், பறவை ஏரியின் அந்தக் கோடியில். சூடான தோசைக்கல்லுக்கு மேலே பார்த்தால் எதிர்ச் சுவர் நெளியுமே, அதே கானல்தான். பல லட்சம் ரூபாய் லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. விடியற்காலையில் போக வேண்டும், இல்லையென்றால் கிட்டத்தில் இருப்பதை எடுக்க வேண்டும்.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பைப் பொறுத்தவரை (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும்), என் லென்ஸ் 300-இல் முழுதாகத் திறந்தால் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும், எஃப்/8-இல் தெளிந்துவிடும். எஃப்/22-க்குப் போனால் ஒளி விளிம்பில் வளைந்து படம் மறுபடி மழுங்கும்.

லென்ஸ் மேல் சந்தேகம் தீரவில்லையா? செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். ஸ்டெபிலைசேஷனை அணைத்து, லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகப் பார்ப்பது) பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, 2 நொடி டைமரில் எஃப்/8-இல் எடுங்கள். நான் எடுத்ததில் வரி விளம்பரத்தின் தொலைபேசி எண் வரை படிக்க முடிந்தது. உங்களுக்கு இதிலும் மங்கினால் லென்ஸை சர்வீஸுக்குக் கொடுங்கள். இதில் தெளிவாக வந்து, டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது மட்டும் மங்கினால் ஆட்டோஃபோகஸ் முன்னே பின்னே விழுகிறது என்று அர்த்தம்; பல கேமராக்களில் அதை மெனுவிலேயே திருத்தலாம்.