லினக்ஸ் கேள்வி பதில்: தராசு முதல் தாள் வராத பிரிண்டர் வரை

காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றது. அதிலிருந்து, "மெஷின் நல்லாத்தான் ஓடுது, தூக்கிப் போட மனசு வரல, லினக்ஸ் போட்டுக் குடுங்க" என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்; உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் அதன் வகைகள். போட்டுக்கொண்டு போனவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், நான் தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி (காரைக்குடி, பலகாரக் கடை நடத்தும் ஆச்சி): தம்பி, தேன்குழல், மாவுருண்டை எடை போடுற தராசைக் கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கோம். விண்டோஸ் இருந்தப்ப எடை தானா பில்லுல வந்து விழுந்துச்சு. உபுண்டு 22.04 போட்டதுலேருந்து வரல. புது ஒயர் வாங்கி மாட்டியும் பாத்தாச்சு.

பதில்: ஆச்சி, ஒயருக்கு இனிமேல் செலவு பண்ணாதீர்கள். தராசிலிருந்து வரும் ஒயரின் யூஎஸ்பி முனையில் சிஎச்340 என்ற சின்ன சிப் இருக்கும். லினக்ஸுக்கு அது நன்றாகத் தெரியும், தனி டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) வேண்டாம். ஆனால் அதைப் பாதி வழியில் வேறொருவர் பிடித்துக்கொள்கிறார்.

உங்கள் வீட்டுத் தம்பியை டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். கட்டளைக்கு முன்னால் வரும் சூடோ, நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று சொல்வது. "சூடோ டிமெசேஜ் -டபிள்யூ" என்று கொடுத்துவிட்டு (டிமெசேஜ் என்பதற்கு டி, எம், இ, எஸ், ஜி ஐந்தே எழுத்துதான்), ஒயரைப் பிடுங்கி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். மாட்டியதும் வரிகள் ஓடும். முதலில் புதிய யூஎஸ்பி சாதனம் வந்திருக்கிறது என்று வரும். அடுத்து "டிடிஒய்யூஎஸ்பி0" என்று பெயர் வைத்ததாக வரும். அதை அடுத்தே பி-ஆர்-எல்-டி-டி-ஒய் என்ற பெயரோடு ஒரு வரியும், "டிஸ்கனெக்டட்" என்று இன்னொரு வரியும் வரும். அந்த வரி வந்தால் காரணம் இதுதான்.

அந்தப் பெயர் பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் கருவிகளுக்கான சேவை. சில பிரெயில் கருவிகளுக்கும் இந்தச் சிப்புக்கும் யூஎஸ்பி அடையாள எண் ஒன்றே. அதனால் உங்கள் தராசைப் பிரெயில் கருவி என்று நினைத்து அது எடுத்துக்கொள்கிறது. கடையில் பிரெயில் கருவி யாரும் பயன்படுத்தவில்லை என்றால் "சூடோ ஆப்ட் ரிமூவ்" போட்டு அந்தப் பெயரைக் கொடுத்து நீக்கிவிடலாம். பயன்படுத்துகிறவர் இருந்தால் நீக்கவே கூடாது, அவருக்கு அதுதான் கண். அப்படியானால், மாட்டிய சாதனம் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் யூடெவ் விதிக் கோப்பில் இந்தச் சிப்புக்கு உரிய ஒரு வரியை மட்டும் முடக்க வேண்டும். கடைக்கு வந்து நானே செய்து தருகிறேன்.

இன்னொரு கதவும் உண்டு. இந்த வகை இணைப்பைத் தொட, பயனர் "டயல்அவுட்" குழுவில் இருக்க வேண்டும். "சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்" என்று கொடுத்து, பக்கத்தில் உங்கள் பயனர் பெயர். இதில் ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்தச் சின்ன ஏ-வை விட்டுவிட்டால் பயனர் மற்ற எல்லாக் குழுவிலிருந்தும் வெளியேறிவிடுவார், சூடோ அதிகாரமும் சேர்ந்து போய்விடும். அந்த நிலையில் ஒரு மெஷின் என்னிடம் வந்தது. ரெக்கவரி மோடில் போய்த்தான் மீட்டேன். குழுவில் சேர்த்தபின் ஒருமுறை லாக்-அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். அதுவரை மாற்றம் பிடிக்காது.

கேள்வி (தேவகோட்டை, ஜெராக்ஸ் கடை): அண்ணே, எச்பி லேசர்ஜெட் 1020. பிரிண்டர் லிஸ்ட்ல பேர் இருக்கு, பிரிண்ட் குடுத்தா முடிஞ்சதுன்னு காட்டுது, தாள் மட்டும் வரல. முந்தாநாள் நல்லா இருந்துச்சு. கரண்ட் போய் வந்ததுக்கு அப்புறம்தான் இப்படி.

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது தம்பி. 1020 தன் ஃபர்ம்வேரை, அதாவது தன்னை இயக்கும் உள் மென்பொருளைத் தனக்குள் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை அனுப்பித் தர வேண்டும். அனுப்பாவிட்டால் பிரிண்டர் விளக்கு எரியும், பெயர் தெரியும், வேலை மட்டும் நடக்காது.

முதலில் பிரிண்டரை ஆன் செய்துவிட்டு, யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கி மாட்டுங்கள். சில விநாடிகளில் உள்ளே உருளை லேசாகச் சுற்றும் சத்தம் கேட்டால் ஃபர்ம்வேர் போய்ச் சேர்ந்துவிட்டது. கேட்கவில்லை என்றால் "எச்பி-பிளகின்" என்று டெர்மினலில் கொடுங்கள். இணையத்திலிருந்து பிளகினை இறக்கி நிறுவும். எச்பிஎல்ஐபி (லினக்ஸில் எச்பி பிரிண்டர்களை இயக்கும் மென்பொருள்) எந்தப் பதிப்போ, பிளகினும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். அதனால் பெரிய அப்டேட் ஏதாவது போட்டால் இதையும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்கக் கூட்டம் நிற்கும் நாளில் அப்டேட் கொடுக்காதீர்கள்.

ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் லிஸ்ட்டில் இருந்தால் பழையதை அழித்துவிடுங்கள். இரண்டு டிரைவர் ஒரே பிரிண்டரோடு மல்லுக்கட்டினால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வி (கானாடுகாத்தான், பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துபவர்): முகப்புல இணையம் பறக்குது. இரண்டாம் கட்டுல உள்ள கம்ப்யூட்டர்ல அறுந்து அறுந்து வருது. லினக்ஸ்ல வைஃபை டிரைவர் சரியில்லைன்னு ஒருத்தர் சொல்றார்.

பதில்: அளந்து பார்த்துவிட்டுத் தீர்மானிப்போம். "என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை" என்று கொடுத்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் நேரே 0 முதல் 100 வரை சிக்னல் எண் வரும். ஒரு லேப்டாப்பில் முகப்பில் ஒருமுறை, வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஒருமுறை, இரண்டாம் கட்டில் ஒருமுறை பாருங்கள். உள்ளே போகப் போக எண் சரிந்தால் டிரைவர் மேல் பழியில்லை. நம் வீட்டுச் சுவர்கள் வெயிலைத் தடுக்கக் கட்டியவை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாய் அந்தக் கனத்துக்கு அலை எப்படிப் போகும்? வைஃபை அலையில் 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் செத்துவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

முகப்பிலிருந்து உள்கட்டுக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து, அங்கே இன்னொரு அக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வையுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். தேக்கு வாசல் நிலையிலோ பளபளப்புச் சுண்ணாம்புப் பூச்சிலோ துளை போட விடாதீர்கள். அந்தப் பூச்சை அதே பக்குவத்தில் திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். வளவின் தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டியே ஒயரைக் கொண்டுபோகலாம். முற்றத்தில் மழை படும் இடத்துக்கு மட்டும் வெளிப்புற ஒயர் வாங்குங்கள்.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவர்): விண்டோஸும் மின்ட்டும் சேர்த்து வச்சிருக்கேன். மின்ட்ல இருந்துட்டு விண்டோஸுக்குப் போனா மணி தப்பா காட்டுது.

பதில்: சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறதா? லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மின்ட்டில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" கொடுங்கள். ஐந்தரை மணி அல்ல, வருடமே பின்னால் போகிறது என்றால் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி (கோட்டையூர், வேலை தேடும் இளைஞர்): புது லேப்டாப். உபுண்டு பென்டிரைவ் பூட் ஆகுது, ஆனா நிறுவுற இடத்துல எஸ்எஸ்டியே காட்டல. பயாஸ்ல ஏஎச்சிஐன்னு மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா?

பதில்: இன்றைக்கு மாற்றாதீர்கள் தம்பி, இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. பயாஸ் என்பது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு; எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டோடு பேசும் முறை அதில் ஏஎச்சிஐ-யாக இல்லாமல் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருந்தால் நிறுவிக்கு எஸ்எஸ்டி தெரியாமல் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் விண்டோஸைத் தயார் செய்யாமல் மாற்றினால் அது நீலத்திரையில் நின்றுவிடும்.

முதலில், வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஆன் செய்திருக்கவே மாட்டீர்கள், ஆனாலும் பல புது லேப்டாப்புகளில் தானாகவே இருக்கும். இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸைத் தொட்ட பிறகு விண்டோஸ் அதைக் கேட்கும். அது எங்குமே கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பாது. படிப்புச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் அதில் வைத்திருந்த ஒரு பிள்ளை என் கடையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்து, விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்படியே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ-க்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும், தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், உங்கள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். இதெல்லாம் முடிந்த பிறகு உபுண்டு பென்டிரைவை மாட்டுங்கள்.

கேள்வி (புதுவயல், அச்சகம்): கல்யாண அழைப்பிதழ் எல்லாம் பாமினில அடிச்சு வச்சிருக்கோம். லினக்ஸ்ல திறந்தா ஏதேதோ இங்கிலீஷ் எழுத்தா வருது.

பதில்: ஃபைல் கெடவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். உங்களிடம் உள்ள பாமினி எழுத்துருவை இங்கேயும் நிறுவினால் பழையவை தெரிந்துவிடும்.

புதியதை யூனிகோடில் அடியுங்கள், அதில் தமிழ் எழுத்துகளுக்கே தனி இடம் உண்டு. "ஐபஸ்-எம்17என்" என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி ஒருமுறை லாக்-அவுட் செய்து வந்தால், விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 இருக்கும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது, கை ஒரு மாதத்தில் பழகிவிடும்.

பழையதை மாற்றிப் பயன்படுத்தும்போது ஓர் இடத்தில் கண் வையுங்கள். நகரத்தார் அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் தலைப்பெழுத்துகள் வரிசையாக நிற்கும். அதை ஆங்கில எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். மொத்தத்தையும் அள்ளிக் கன்வெர்ட்டரில் போட்டால் அந்த ஆங்கில எழுத்துகளையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். விலாசம் வேறொன்றாக மாறி நிற்கும். எனவே தமிழ்ப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து மாற்றுங்கள். விலாசத்தையும் கோவில் பெயரையும் கையால் அடித்து, அந்த வீட்டாரிடமே காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை): அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருச்சு. இப்ப கறுப்புத் திரையில இனிட்ராம்எஃப்எஸ்னு போட்டு நிக்குது. டிசைன் எல்லாம் அதுலதான்.

பதில்: டிசைன் இருக்கும், பதறாதீர்கள் அண்ணே. லினக்ஸ் வட்டைத் திறக்க முடியாமல் தொடக்கத்திலேயே நின்றுவிட்ட திரை அது. ஆனால் ஹார்டு டிஸ்க் உள்ளே "டக் டக்" என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள். அப்போது நகல் எடுப்பதுதான் முதல் வேலை.

சத்தம் இல்லையென்றால் அந்தத் திரையில் "எக்ஸிட்" என்று தட்டி என்டர். எந்தப் பகுதியில் கோளாறு என்று அதுவே பெயர் சொல்லும். எஸ்டிஏ2 என்று சொன்னால் "எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2". முடிந்ததும் "ரீபூட்". உள்ளே போனபின் "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", அடுத்து "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". பாதியில் நின்ற அப்டேட் அங்கிருந்து தொடரும். ஒரே மாதத்தில் மறுபடி இதே திரை வந்தால் டிஸ்க்கின் ஆயுளைப் பார்த்துவிட வேண்டும். மெஷினுக்கு ஒரு யூபிஎஸ் வாங்கி வையுங்கள், டிசைன்களுக்குத் தனி பென்டிரைவில் நகல் வையுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர், ஆசிரியை): அண்ணன் மகனுக்கு அரசாங்கம் குடுத்த பழைய லேப்டாப், 2 ஜிபி ராம். பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க எதைப் போடலாம்?

பதில்: டீச்சர், டெர்மினலில் "எல்எஸ்சிபியு" கொடுத்து 64 பிட்டா என்று பாருங்கள். ஆமென்றால் மின்ட்டின் இலகுவான வகையான எக்ஸ்எஃப்சிஇ போதும். 32 பிட் மட்டும் என்றால் டெபியன் 12 போடுங்கள், டெபியன் 13-க்கு 32 பிட் நிறுவியே கிடையாது. கூடவே ஒரு சின்ன எஸ்எஸ்டி மாற்றினால் வேகம் நன்றாகத் தெரியும். பிரவுசரில் இரண்டு மூன்று டேபுக்கு மேல் திறக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி (தேவகோட்டை, ஜெராக்ஸ் கடை, மறுபடி): பிளகின் போடப் போனா "குட் நாட் கெட் லாக்"னு வருது. அந்த லாக் ஃபைலை அழிச்சிரவா?

பதில்: அழிக்காதீர்கள். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்கள்.

கேள்வி (பலகாரக் கடை ஆச்சி, மறுபடி): தம்பி, நீங்க சொன்ன மாதிரி செஞ்சதும் பெட்டியில ஏதோ வருது. ஆனா எண் வரல, கட்டமும் கோடுமா வருது.

பதில்: இது நல்ல அறிகுறி ஆச்சி, தராசு பேச ஆரம்பித்துவிட்டது. தராசு ஒரு வேகத்தில் அனுப்புகிறது, பில் மென்பொருள் வேறு வேகத்தில் கேட்கிறது. தராசோடு வந்த கையேட்டில் "பாட் ரேட்" என்ற இடத்தில் 9600, 2400 போல ஓர் எண் இருக்கும். பில் மென்பொருளின் செட்டிங்கிலும் அதே எண்ணைப் போடுங்கள். போட்டபின் அரைக்கிலோ படிக்கல்லை வைத்து, தராசில் தெரிவதும் பில்லில் விழுவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.